கார் கூலன்ட்டை வீட்டிலேயே மாற்றலாமா? போர் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்?

ஆட்டையாம்பட்டி என்றதும் கை முறுக்குதான் நினைவுக்கு வரும். அங்கிருந்து சேலம் வழியாக ஏற்காடு ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். நாமக்கல் பக்கம் போய், காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறினால் 70. பானட்டைத் திறந்துவைத்து ஆவி அடங்கக் காத்திருக்கும் கார்கள் இந்தப் பாதைகளில் புதிதல்ல.

"ஏனுங்க, ரெண்டு பாட்டில் தண்ணி ஊத்துனா ஆகாதுங்களா?" என்று அப்போது யாராவது கேட்பார்கள். ஆகும், ஒர்க்‌ஷாப் போய்ச் சேரும் வரைக்கும். அந்தத் தண்ணீரையே வருடக்கணக்கில் உள்ளே விட்டுவைப்பதில்தான் சிக்கல்.

கூலன்ட்டின் வேலை என்ன?

எத்திலீன் கிளைகால் என்ற திரவமும், துருவைத் தடுக்கும் வேதிப்பொருட்களும், தண்ணீரும் கலந்ததுதான் கூலன்ட். பனி நாடுகளில் தண்ணீர் உறைந்து இன்ஜினை உடைத்துவிடாமல் இருக்க இது தேவை. நமக்கு அந்தக் கவலை இல்லை. நமக்குப் பயன் வேறு. வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் அதைவிட ஐந்தாறு டிகிரி கூடுதலாகத் தாங்கும். ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தமும் சேர்ந்தால் 120 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காது. மே மாத வெயிலில் ஏசி போட்டு மலை ஏறும்போது இந்த வித்தியாசம்தான் காப்பாற்றும்.

போர் தண்ணீர் ஏன் கூடாது?

சேலம், நாமக்கல் பகுதியில் பல இடங்களில் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே கால்சியம், மெக்னீசியம் உப்புகள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். வழி குறுகும், வெப்பம் வெளியேறாது. தண்ணீரில் உள்ள குளோரைடு அலுமினிய பாகங்களை அரிக்கும். தொடர்ந்து சூடேறினால் சிலிண்டர் ஹெட் வளைந்து, கேஸ்கட் போய்விடும். அந்தச் செலவுக்கு முன்னால் கூலன்ட் விலை ஒன்றுமே இல்லை.

எனவே கலப்பதற்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. பேட்டரி கடையில் கேட்டால் கிடைக்கும். ஆசிட் கலந்த பேட்டரி திரவத்தை மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

எந்த நிறம் வாங்குவது?

பச்சை, சிவப்பு, நீலம் என்பதெல்லாம் வெறும் சாயம். நிறத்துக்குப் பொதுவான தர விதி கிடையாது. காரின் கையேட்டில் எந்த வகை என்று போட்டிருக்கிறதோ அதுதான் சரி. ஒத்துப்போகாத வகைகளைக் கலந்தால் துரு தடுக்கும் சக்தி குறையும், சில நேரம் கூழாகித் திரளும். மாற்றும் காலமும் வகைக்கு வகை வேறுபடும். பழைய வகைக்கு சுமார் 2 ஆண்டுகள், நீண்டகால வகைக்கு 5 ஆண்டு அல்லது அதற்கு மேல்.

எப்படி மாற்றுவது?

முதல் விதி: இன்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். ராத்திரி நிறுத்திய காரை காலையில் தொடுவது நல்லது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால், அழுத்தம் விலகிய நொடியிலேயே கொதித்து முகத்தில் பீய்ச்சி அடிக்கும். துணி போட்டுத் திறந்தால் பரவாயில்லை என்பதெல்லாம் ஆபத்தான நம்பிக்கை. ஜாக்கி மட்டும் வைத்துத் தூக்கிய காரின் அடியில் படுப்பதும் கூடாது, ஸ்டாண்ட் வேண்டும்.

ரேடியேட்டரின் அடியில் அகலமான பாத்திரம் வைத்து, வடிகால் திருகைத் திறக்க வேண்டும். சில கார்களில் அந்தத் திருகே இருக்காது, கீழ் ஹோஸைக் கழற்ற வேண்டியிருக்கும். பிறகு மேல் மூடியைத் திறந்தால் வேகமாக வடியும். வெளியே வருவது காபி நிறத்தில் இருந்தால் துரு. பால் கலந்த மாதிரி எண்ணெய்ப் பிசுக்குடன் இருந்தால் அது கேஸ்கட் பிரச்சனையாக இருக்கலாம். அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள்.

அடுத்து டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேன் சுற்றத் தொடங்கும் வரை இன்ஜினை ஓடவிட்டு, ஆறியதும் வடிக்க வேண்டும். தெளிவாக வரும்வரை திரும்பச் செய்யலாம்.

பலர் கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான். ரேடியேட்டர் காலியானாலும் இன்ஜின் பிளாக்குக்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும். அதன்மேல் கலந்து விற்கும் ரெடிமேட் கூலன்ட்டை ஊற்றினால் மொத்தமும் நீர்த்துப்போகும். அதனால் அலசியவர்கள் கலக்காத கான்சன்ட்ரேட் வாங்குவது நல்லது. கையேட்டில் மொத்தக் கொள்ளளவு 5 லிட்டர் என்றிருந்தால், முதலில் இரண்டரை லிட்டர் கான்சன்ட்ரேட், மீதி டிஸ்டில்டு வாட்டர்.

கடைசியாக, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். காற்றுக் குமிழி நின்றால் அளவு சரியாக இருந்தும் இன்ஜின் சூடேறும். காற்று எடுக்கும் முறை காருக்குக் கார் மாறும் என்பதால் கையேட்டைப் பாருங்கள். பொதுவாக குமிழிகள் நின்று, மேல் ஹோஸ் சூடாகும் வரை ஓடவிடுவார்கள். இந்த நேரத்தில் துப்பட்டா, வேட்டி, விரல் எதுவும் ஃபேன் பக்கம் போகக் கூடாது; இன்ஜினை அணைத்த பிறகும் அது திடீரென்று சுற்றும். அடுத்த சில நாட்கள் காலையில் ரிசர்வ் டேங்கில் அளவு பாருங்கள். குறைந்துகொண்டே போனால் எங்கோ கசிவு இருக்கிறது.

ஹைபிரிட், மின்சார கார்கள் வைத்திருப்பவர்கள் இதை வீட்டில் முயற்சிக்கவே வேண்டாம்.

வடித்ததை என்ன செய்வது?

எத்திலீன் கிளைகால் இனிக்கும், ஆனால் விஷம். நாயோ பூனையோ தேங்கியதை நக்கிக் குடித்துவிடும். குழந்தை குடித்தால் முதலில் போதை ஏறியது போலத் தள்ளாடும். பிறகு சிறுநீரகம் செயலிழக்கும். 2025-ல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் குழந்தைகளின் உயிரைப் பறித்த இருமல் மருந்தில் இருந்த டை எத்திலீன் கிளைகால் இதற்கு நெருங்கிய உறவுதான். கொஞ்சம் குடித்ததாகச் சந்தேகம் வந்தாலும் அறிகுறிக்காகக் காத்திருக்காமல், கூலன்ட் கேனையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மாற்று மருந்து உண்டு, சீக்கிரம் கொடுத்தால்தான் பலன்.

சாக்கடை, கிணற்றோரம், தோட்டம் எங்கும் ஊற்றக் கூடாது. காலி தண்ணீர் பாட்டிலிலும் குளிர்பான பாட்டிலிலும் கட்டாயம் கூடாது. கூலன்ட் வந்த கேனிலேயே திரும்ப ஊற்றி, 'விஷம்' என்று எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, வாங்கிக்கொள்ளும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள்.