கல்லூரி மன்றங்களும் நம் பிள்ளைகளும்

தீவில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளையை மெயின்லேண்டுக்குக் கப்பலேற்றும்போது சொல்லுகிற புத்திமதி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். "படிச்சோமா, பரீட்சை எழுதினோமா, லீவுக்கு ஊர் வந்தோமான்னு இரு. சங்கம், மன்றம், கேம்ப்புன்னு எதிலயும் தலையைக் கொடுக்காதே." உள்ளூர்க் கல்லூரியிலேயே சேர்க்கிறவர்களும் இதைத்தான் சொல்லுகிறார்கள். மூன்று நாள் கப்பல் பயணத்துக்கு அப்பால் பிள்ளையை விட்டுவிட்டு இருக்கிற தாய் தகப்பனுக்கு இப்படித் தோன்றுவது இயற்கை. ஆனாலும் இந்தப் புத்திமதி தவறானது என்பது என் எண்ணம். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் கல்லூரியில் படித்தவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு இங்கே வந்து ஹார்டுவேர் கடையில் உட்கார்ந்தவன். ஃபீனிக்ஸ் பேயில் கடை நடத்திக்கொண்டே கிடைத்த நேரத்தில் பழைய நூல்களையும் கல்வெட்டுப் புத்தகங்களையும் படித்ததுதான் என் படிப்பு. வெளியில் நின்று பார்க்கிறவனுக்குச் சில விஷயம் கொஞ்சம் தெளிவாகவே தெரியும்.

மன்றம் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். சங்க நூல்களில் மன்றம் என்பது ஊர் நடுவே மரத்தடியில் எல்லாரும் கூடும் வெளி. சுவரும் கதவும் இல்லாத இடம். வழக்கும் அங்கேதான், கூத்தும் அங்கேதான். பட்டிமண்டபம் என்ற சொல்லோ சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் வருகிறது. இந்திர விழா நாளில் பல சமயத்து வாதிகளும் முறையறிந்து ஏறிப் பேசும் இடம் அது. நம் காலத்தில் பட்டிமன்றத்துக்குக் காரைக்குடிக் கம்பன் விழா மேடை பெரும் பெயர் வாங்கித் தந்தது. அந்தக் கம்பன் கழகம் 1939இல் தொடங்கியது. தொலைக்காட்சியில் பட்டிமன்றத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோன சாலமன் பாப்பையா அவர்கள் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் என்பது பலருக்கும் தெரிந்ததே. மேடைக்கும் கல்லூரிக்கும் உள்ள உறவு அப்படி.

வாதத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்பதை நீலகேசி காட்டும். சமணக் காப்பியம் என்பதால் நான் இழுத்து வந்ததாக நினைக்க வேண்டாம். அந்த நூல் முழுக்கவே வாதம்தான். வாதுக்கு வரச் சொல்லி நாவல் கிளையை நட்டு வைப்பது அக்கால வழக்கம். நீலகேசி ஊர் ஊராகப் போய்ப் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர் என்று ஒவ்வொருவரோடும் வாதிடுகிறாள். எதிராளி தன் கொள்கையை எடுத்துச் சொல்ல இடம் கொடுத்து, அதன் பிறகே மறுக்கிறாள். இந்நூலை உரையோடு 1936இல் பதிப்பித்த அ. சக்கரவர்த்தி நயினார் சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர், கும்பகோணம் அரசு கல்லூரி முதல்வராகவும் இருந்தவர். எதிராளியின் வாதத்தை முதலில் நேர்மையாகச் சொல்லிவிட்டு மறுப்பது என்ற பழக்கம் பாடப் புத்தகத்தில் படித்து வருவதல்ல. விவாத மன்றத்தில் நான்கு தடவை தோற்றால்தான் வரும்.

ஆனால் பேச்சு மட்டுமே மன்றம் ஆகாது. நான் வியாபாரி, எனக்குக் கணக்குதான் முதலில் கண்ணில் படும்.

எங்கள் வந்தவாசியிலிருந்து பஸ்ஸில் போய்விடக் கூடிய தூரத்தில் உத்திரமேரூர் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ளன. குடவோலை முறை பற்றி எந்த மேடையிலும் யாராவது ஒருவர் பெருமை பேசாமல் விடமாட்டார். அது பிராமணச் சபை, நிலமும் சொந்த மனையும் உள்ளவர்க்கே இடம் தந்த சபை என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். அது கிடக்கட்டும். அந்தக் கல்வெட்டில் எனக்குப் பிடித்த விதி வேறு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி வாரியத்துக்கு வரக் கூடாது. அவன் மட்டுமல்ல, அவனுடைய நெருங்கிய உறவினரும் வரக் கூடாது! மேலும், முந்தின மூன்று வருஷத்துக்குள் பதவியில் இருந்தவன் பெயரும் குடத்தில் விழாது. கணக்கு காட்டு, பிறகு இன்னொருவனுக்கு இடம் விடு. அவ்வளவுதான் சங்கதி.

ஏறத்தாழ ஆயிரத்து எண்பது வருஷம் கழித்து நம் உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பரில் மாணவர் தேர்தலுக்காக ஏற்றுக்கொண்ட லிங்டோ குழுப் பரிந்துரையைப் பாருங்கள். வேட்பாளர் செலவு 5,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. அச்சடித்த சுவரொட்டி கூடாது, கையால் எழுதியதே ஆகும். முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். நிர்வாகிப் பதவிக்கு ஒருவர் ஒரே தடவைதான் நிற்கலாம். வகுப்பு வருகை 75 சதவீதம் இருக்க வேண்டும். எத்தனை கல்லூரியில் இதெல்லாம் அப்படியே நடக்கிறது என்று கேட்காதீர்கள். ஆனால் சோழர் காலத்துச் சபைக்கும் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கும் விதி எழுதியவர்கள் இரண்டு விஷயத்தில் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள். பொதுப் பணம், பதவி ஆசை.

என் கடைக்கு வருஷா வருஷம் மாணவர்கள் ரசீதுப் புத்தகத்தோடு வருவார்கள். தமிழ் விழா, ஆண்டு விழா, கோலப் போட்டி, எதற்காவது நன்கொடை. நான் உடனே கொடுத்துவிடுவேன். ஆனால் ஒரு நிபந்தனை போடுவேன்: விழா முடிந்ததும் வரவு செலவு ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்து காட்டணும். பாதிப் பேர் திரும்ப வரமாட்டார்கள். வருகிற பாதிப் பேரின் தாளைப் பார்ப்பதில் எனக்கு ஒரு ருசி. மைக் செட் வாடகை, மாலை, டீ, வடை, பேனர், ஆட்டோ. ஒரு தடவை ஒரு பெண் "மீதி 140 ரூபாய், அங்கிள், அடுத்த வருஷச் செயலாளரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிட்டேன்" என்றாள். கையெழுத்துப் போட்ட தாளையும் காட்டினாள். எம்.காம். படித்துவிட்டு என்னிடம் கணக்கெழுத வந்தவர்களிடம்கூட அந்தப் பழக்கத்தை நான் அதிகம் கண்டதில்லை.

நம் போன்ற வெளிமாநிலத் தமிழருக்கு இது சாதாரண விஷயமல்ல. தமிழ்நாட்டில் இருப்பவனுக்கு மொழியைக் காப்பாற்ற அரசு இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, பேருந்துப் பலகைகூட இருக்கிறது. நமக்கு என்ன இருக்கிறது? கோயில் கமிட்டி, தமிழர் சங்கம், பொங்கல் விழாக் குழு. இவை எல்லாவற்றுக்கும் தலைவர், செயலாளர், பொருளாளர் வேண்டும். உறவுமுறை இல்லாத பத்துப் பேரோடு உட்கார்ந்து, சண்டை போட்டு, தீர்மானம் எழுதி, மறுநாளும் முகம் பார்த்துப் பேசத் தெரிந்தவர்கள் வேண்டும். அந்தப் பயிற்சி வீட்டில் கிடைக்காது. வீட்டில் அப்பா சொன்னால் முடிந்தது. கடையில் முதலாளி சொன்னால் முடிந்தது. கல்லூரி மன்றத்தில்தான் முதல் தடவையாக "பெரும்பான்மை" என்ற ஒன்றுக்குக் கட்டுப்பட வேண்டி வருகிறது. இன்று நம் சங்கக் கூட்டங்களில் முன் வரிசையைப் பார்த்தால் எல்லாம் என்னைப் போன்ற நரைத்த தலைகள்தான்.

மன்றத்தில் பழகிய கை அவசர காலத்தில் எப்படி உதவும் என்பதை 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்த ஊரிலேயே பார்த்தோம். சுனாமியில் எல்லாவற்றையும் இழந்தவர்கள் தெற்குத் தீவுகளிலிருந்து கப்பலிலும் விமானத்திலும் வந்து முகாம்களில் தங்கினார்கள். கச்சாலில் ரப்பர் தோட்டத்துக்காகக் குடியேற்றப்பட்ட இலங்கைத் தாயகம் திரும்பிய தமிழர்களும், கேம்பெல் பேயில் குடியமர்ந்த முன்னாள் ராணுவத்தார் குடும்பங்களும் அங்கெல்லாம் இருந்தவர்களே. நான் துணிமணியும் வாளியும் கொண்டுபோன முகாமில் ஒரு மூலையில் நாலைந்து மாணவர்கள் நோட்டுப் புத்தகம் போட்டுப் பெயர், தீவு, காணாமல் போனவர், தேவை என்று கோடு கிழித்து எழுதிக்கொண்டிருந்தார்கள். தமிழில் கேட்டு இந்தியில் எழுதினார்கள். யாரும் அவர்களுக்கு உத்தரவு போட்டதாகத் தெரியவில்லை. பெரியவர்களாகிய நாங்கள் அழுதுகொண்டும் கத்திக்கொண்டும் இருந்தோம். அந்தப் பிள்ளைகள் வரிசை போட்டார்கள்.

அந்தப் பழக்கத்தின் பின்னால் இருப்பது பெரும்பாலும் நாட்டு நலப்பணித் திட்டம், அதாவது என்.எஸ்.எஸ். காந்தி நூற்றாண்டான 1969இல் செப்டம்பர் 24ஆம் நாள், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவரோடு தொடங்கியது. இரண்டு வருஷத்தில் 240 மணி நேரச் சேவை, ஏதாவது ஒரு கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம். 1948இல் வந்த என்.சி.சி. இன்னும் கட்டுப்பாடானது. மூன்று வருஷம் இருந்து 'சி' சான்றிதழ் பெற்ற பட்டதாரிக்கு ராணுவ அதிகாரித் தேர்வில் எழுத்துப் பரீட்சை இல்லாமலே நேர்முகத்துக்குப் போக ஒரு சிறப்பு வழி இருக்கிறது. இதைப் பெற்றோர்கள் பலர் அறியமாட்டார்கள். "வெயில்ல பரேடு பண்ணி என்னத்தைக் கண்டே" என்பார்கள்.

கடல் கடந்த தமிழர் விஷயத்துக்கு வருகிறேன். இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இலங்கைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ச் சங்கம் 1940களின் இறுதியிலிருந்து 'இளங்கதிர்' என்ற ஆண்டு மலர் நடத்தி வந்தது. பல்கலைக்கழகம் பேராதனைக்குப் போன பிறகு பேராசிரியர் சு. வித்தியானந்தன் ஒரு காரியம் செய்தார். மட்டக்களப்புக் கிராமங்களில் வட்டக்களரியில் விடிய விடிய ஆடிய நாட்டுக்கூத்தைப் படித்தவர்கள் பாமரர் ஆட்டம் என்று ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. அவர் கூத்து தெரிந்த அண்ணாவிமாரின் துணையோடு மாணவர்களைப் பழக்கினார். இரவு முழுவதும் ஆடுவதை நகரத்து மேடைக்கு ஏற்றபடி சுருக்கினார். 1962இல் 'கர்ணன் போர்', அடுத்து 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை'. 'இராவணேசன்' கூத்தில் இராவணனாக ஆடிய மட்டக்களப்பு மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியராகி அதே கூத்தை அடுத்த தலைமுறைக்கும் கற்பித்தார். இது எந்தப் பாடத்திட்டத்திலும் மதிப்பெண் வாங்கித் தந்த வேலையல்ல. சாயங்கால ஒத்திகை. தன் ஊர்த் தாத்தா ஆடிய ஆட்டத்துக்கு வெட்கப்பட்டுக்கொண்டு பல்கலைக்கழகம் போன பையன், அங்கே அதையே ஆடக் கற்றுக்கொண்டு திரும்பினான்.

மலேசியாவிலோ மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை மாணவர்கள் 1980களில் ஒரு சிறுகதைப் போட்டியைத் தொடங்கி, பரிசுக் கதைகளைப் 'பேரவைக் கதைகள்' என்று தொகுத்து வந்தார்கள். நடத்துகிறவர்கள் மூன்று நான்கு வருஷத்தில் படிப்பு முடித்துப் போய்விடுவார்கள், புதியவர்கள் வருவார்கள். தொகுப்பு மட்டும் தொடர்ந்தது. ஒப்படைப்பு என்பது இதுதான். நம் சங்கங்களில் ஒருவரே பதினைந்து வருஷம் செயலாளராக இருப்பதைப் பெருமையாக எழுதுகிறோம்.

பெற்றோரின் பயத்தை நான் லேசாக எண்ணவில்லை. 1965 ஜனவரி 27ஆம் நாள் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார். அந்தத் தலைமுறைத் தாய்மார்களுக்கு 'மாணவர் சங்கம்' என்றாலே வயிற்றைக் கலக்கியது. ஆனால் கட்சிக்காரன் பின்னால் போவது ஒன்று, கல்லூரிக்குள் ஆசிரியர் பொறுப்பில் நடக்கும் மன்றத்தில் சேருவது வேறு. பிள்ளை எதில் சேர்ந்தாலும் மூன்று கேள்வி கேட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும். பொறுப்பாசிரியர் யார்? கூட்டக் குறிப்பேடு இருக்கிறதா? பணம் யார் கையில்? மூன்றுக்கும் தடுமாறாமல் பதில் வந்தால் அனுப்பலாம். மார்க் குறையும் என்பார்கள். ஐந்து மன்றத்தில் சேர்ந்தால் குறையத்தான் செய்யும், ஒன்றில் சேரட்டும்.

தீவிலிருந்து சென்னைக்கோ கோவைக்கோ போகும் பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. அவர்கள் தமிழில் இந்தி கலந்திருக்கும். "அச்சா", "டீக் ஹை" எல்லாம் தானாக வந்து விழும். வகுப்பில் சிரிப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையன் முதல் வருஷம் முழுக்க வாயே திறக்கவில்லை. பிறகு நாடகக் குழுவில் சேட்டு வேஷத்துக்கு ஆள் தேவைப்பட்டு இவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அடுத்த வருஷம் அந்தக் குழுவுக்கு இவனே வசனம் எழுதினான்.

பெண் பிள்ளைகள் விஷயம் இன்னும் கடினம். என்.எஸ்.எஸ்.ஸில் சேரலாம், ஆனால் ஏழு நாள் முகாமுக்குப் போகக் கூடாது என்று சொல்லும் வீடுகள் நம்மில் நிறைய. முகாமுக்குப் போகாமல் சான்றிதழும் முழுமையாகாது, பயிற்சியும் முழுமையாகாது. பெண் ஆசிரியர் உடன் வருகிறாரா, இரவில் எங்கே தங்குகிறார்கள் என்று கல்லூரிக்கே போன் போட்டுக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. திருப்தியானால் கொசுவலையும் டார்ச்சும் வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள்.