ஒரு கம்பெனியின் கார், இன்னொரு கம்பெனியின் சார்ஜர்

பினாங்கிலும் செபராங் பிறையிலும் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். ஒரு காலத்தில் தோட்டமாக இருந்த பத்து காவானிலேயே இப்போது தொழிற்பேட்டை எழுந்து நிற்கிறது. இந்தப் பிள்ளைகளில் சிலர் மின்சாரக் கார் வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். தீபாவளிக்கு அந்தக் கார் லயத்து வாசலில் வந்து நிற்கும்போது அப்பா கேட்கும் முதல் கேள்வி, "இதற்கு எங்கேடா தம்பி எண்ணெய் ஊற்றுவது?" என்பதுதான். நெடுஞ்சாலையில் சார்ஜர் இருக்கிறது என்று மகன் சொல்வான். அடுத்த கேள்வி உடனே வரும்: "அது வேறு கம்பெனி சார்ஜர் ஆயிற்றே, உன் காருக்கு ஒத்துவருமா?"

நியாயமான கேள்வி. பெட்ரோல் நிலையத்தில் இந்தக் கவலை நமக்கு இருந்ததில்லை. புரோட்டோனோ தோயோத்தாவோ, குழாய் ஒன்றுதான், காசு கொடுத்தால் போதும். மின்சாரக் காருக்கு அப்படியில்லை. முதலில் முனை பொருந்த வேண்டும். பிறகு சார்ஜர் நம் கணக்கை ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்கும் பிறகு, காரும் சார்ஜரும் ஒன்றோடொன்று பேசி, எவ்வளவு மின்சாரம் போகலாம் என்று முடிவு செய்ய வேண்டும்.

முனையைப் பார்ப்போம். பழைய கைத்தொலைபேசிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்குச் சன்ன ஊசி, ஒன்றுக்குத் தடித்த ஊசி, அண்ணன் சார்ஜர் தம்பிக்கு உதவாது. கார்களிலும் அந்தக் குழப்பம் இருந்தது. நல்ல வேளையாக, மலேசியாவில் இப்போது விற்கும் புதிய மின்சாரக் கார்களில் பெரும்பாலானவை விரைவு சார்ஜுக்கு 'சிசிஎஸ் 2' என்ற ஒரே முனையைப் பயன்படுத்துகின்றன. புரோட்டோன் ஈ.மாஸ், பிஒய்டி, ஹூண்டாய், போர்ஷே, டெஸ்லா எல்லாம் இதில் சேர்த்தி. ஆகவே இவற்றுக்கிடையே முனைப் பிரச்சினை இல்லை.

ஆனால் பழைய கார் வாங்குவோர் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நிசான் லீப் காருக்கு விரைவு சார்ஜ் முனை 'சாடெமோ' என்னும் வேறு வகை. ஜப்பானிலிருந்து பழையதாக வரும் கார்களிலும் இதைக் காணலாம். சாடெமோ முனை உள்ள விரைவு சார்ஜர்கள் நம் நாட்டில் குறைவு. விலை மலிவு என்று முன்பணம் கட்டுவதற்கு முன், மூடியைத் திறந்து முனையைப் பார்த்துவிடுவது நல்லது. ஐந்தாறு வருடம் தவணை கட்டப் போகிற கார் அல்லவா?

இன்னொன்று. அமெரிக்காவில் எடுத்த படங்களில், போர்டு போன்ற கார்களுக்கு ஓர் இணைப்பான் மாட்டி டெஸ்லா சார்ஜரில் செருகுவதைக் காட்டுவார்கள். 2024 முதல் அங்கே அந்த வழக்கம் வந்தது உண்மை. ஆனால் அது அமெரிக்க டெஸ்லாவின் முனை வேறு என்பதால் வந்த ஏற்பாடு. இங்கே டெஸ்லா சார்ஜரின் முனையே சிசிஎஸ் 2 என்பதால் சிசிஎஸ் 2 காருக்கு இணைப்பான் எதுவும் தேவையில்லை. மலிவான இணைப்பானை வாங்கி விரைவு சார்ஜரில் மாட்டுவது, காசைக் கொடுத்து ஆபத்தை வாங்குவதாகும்.

முனை பொருந்திவிட்டால் மட்டும் சார்ஜர் திறந்துவிடாது. தோட்டத்து மளிகைக் கடையில் நமக்குக் கணக்குப் புத்தகம் உண்டு. பக்கத்துத் தோட்டத்துக் கடையில் அந்தப் புத்தகத்தை நீட்டினால் கடைக்காரர் ஏற்பாரா? சார்ஜர் கம்பெனிகளும் ஆரம்பத்தில் இப்படித்தான் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கைத்தொலைபேசியில் ஒரு தனிச் செயலி, தனிக் கணக்கு, சிலவற்றில் முன்பணம் வேறு. பின்னர் ஜென்தாரி, சார்ஜ் ஈவி, ஜொம்சார்ஜ் ஆகியவை தங்களுக்குள் பேசி, ஒன்றின் செயலியால் மற்றொன்றின் சார்ஜரையும் திறக்கலாம் என்று ஏற்பாடு செய்துகொண்டன. பக்கத்துக் கடைக்காரர் நம் புத்தகத்தை ஏற்றுக்கொண்ட மாதிரிதான்.

கார் கம்பெனிகளே சார்ஜர் வைக்கும்போதுதான் அப்பாவின் கேள்வி கூர்மையாகிறது. போர்ஷே நிறுவனமும் ஷெல் நிறுவனமும் 2021-இல் கூட்டுச் சேர்ந்து, நெடுஞ்சாலையோர ஷெல் நிலையங்களில் 180 கிலோவாட் சார்ஜர்கள் அமைக்கப்போவதாக அறிவித்தன. போர்ஷேகாரருக்குச் சில சலுகைகள் இருந்தாலும் மற்ற கார்களும் அவற்றைப் பயன்படுத்தலாம். டெஸ்லா வெகுநாள் தன் கார்களுக்கு மட்டுமே சார்ஜர்களைத் திறந்து வைத்திருந்தது. 2021 நவம்பரில் நெதர்லாந்தில் 10 நிலையங்களைச் சோதனையாக எல்லாருக்கும் திறந்தது. 2023-இல் அது மலேசியாவுக்கு வந்தபோது நம் அரசாங்கம் ஒரு நிபந்தனை வைத்தது: குறைந்தது 50 விரைவு சார்ஜர்கள் அமைக்க வேண்டும், அவற்றில் 30 விழுக்காடாவது மற்ற கார்களுக்கும் திறந்திருக்க வேண்டும். கேட்காவிட்டால் கிடைத்திருக்குமா என்பது நம் சந்தேகம்.

30 விழுக்காடு என்றால் எல்லாம் அல்ல என்பதையும் மறக்கக்கூடாது. எந்த நிலையம் நம் காருக்குத் திறக்கும் என்பதை டெஸ்லாவின் செயலியில், மற்ற கார்களுக்கான பகுதியில், புறப்படுமுன்பே பார்த்துவிட வேண்டும். வயதான அம்மாவையும் கைக்குழந்தையையும் ஏற்றிக்கொண்டு போய், சார்ஜர் திறக்காமல் இரவு பத்து மணிக்கு நிற்பது யாருக்கு வேண்டும்?

இனி வேகம். சார்ஜரில் 180 என்று எழுதியிருந்தால் நம் காருக்கும் 180 கிலோவாட் போகும் என்று நினைத்துவிடக்கூடாது. கார் 80 வரைதான் வாங்கும் என்றால் சார்ஜரும் 80தான் கொடுக்கும். சில கார்களில் மின்கலம் 800 வோல்ட்டில் இயங்கும், ஹூண்டாய் ஐயோனிக் 5 போல. 400 வோல்ட்டுக்கென அமைந்த டெஸ்லா சார்ஜரில் அவை தம் முழு வேகத்தைப் பெறமாட்டா. மேலும், பால் மரத்தை வெட்டியதும் பால் வேகமாக ஓடி, நேரமாக ஆகச் சொட்டுச் சொட்டாகிறதல்லவா? மின்கலமும் முதலில் வேகமாக வாங்கும், 80 விழுக்காட்டைத் தாண்டினால் மெல்லத்தான் வாங்கும். அதனால் நெடும்பயணத்தில் 80-இல் கழற்றிக்கொண்டு கிளம்புவதே புத்தி. காசை நிமிடக் கணக்கில் வாங்கும் இடமாக இருந்தால், மெதுவாக வாங்கும் காருக்குச் செலவு ஏறும். அங்கே இது இன்னும் முக்கியம்.

செலவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 60 யூனிட் மின்கலத்தை 20 விழுக்காட்டிலிருந்து 80 வரை நிரப்ப 36 யூனிட் வேண்டும். அது சுமார் 200 கிலோமீட்டர் ஓடும். விரைவு சார்ஜரில் யூனிட் ஒன்றரை வெள்ளி என்று வைத்துக்கொண்டால் 54 வெள்ளி. வீட்டு மின்சாரம் யூனிட் 45 காசு என்றால் 16 வெள்ளி 20 காசு. வித்தியாசம் கொஞ்சமல்ல. அதிலும் அடுத்த கம்பெனி காருக்குச் சில இடங்களில் கூடுதல் விலை உண்டு. திரையில் விலையைப் படித்த பிறகே தொடங்க வேண்டும்.

அப்படியானால் லயத்து வீட்டிலேயே செருகிவிடலாமே என்று தோன்றும். சாதாரண மூன்று ஊசிச் செருகியில் 10 ஆம்பியர் எடுத்தாலும் அந்த 36 யூனிட் ஏற 15, 16 மணி நேரத்துக்குக் குறையாது. அத்தனை நேரமும் பழைய வயர்கள் சூடாகிக்கொண்டே இருக்கும். நீட்டு வயரைச் சன்னல் வழியாக இழுத்துப் போடவே கூடாது. தீப்பிடிக்க அது ஒன்றே போதும். தோட்டத்து வீடு நிர்வாகத்தின் சொத்து என்பதால் முதலில் அனுமதி கேட்டு, உரிமம் பெற்ற மின்பணியாளர் வந்து வயரைப் பார்த்த பிறகுதான் எதுவும் செய்ய வேண்டும்.

மழையில் சார்ஜரைத் தொடலாமா என்று தாய்மார்கள் பயப்படுவதுண்டு. காரும் சார்ஜரும் முனை வழியாகப் பேசி, இணைப்பு சரி என்று உறுதி செய்த பிறகே மின்சாரம் ஓடும். ஆதலால் உடைசல், வெடிப்பு இல்லாத சார்ஜரை மழையிலும் பயன்படுத்தலாம். வயர் கிழிந்திருந்தால் தொடாமல் விலகிவிட வேண்டும்.

டெஸ்லா நிலையங்களில் மற்றொரு சங்கடமும் உண்டு. டெஸ்லா காருக்கு முனை பின்புறம் இடப்பக்கம் இருப்பதால் வயரைக் குட்டையாக வைத்திருக்கிறார்கள். நம் காருக்கு முனை வேறு பக்கம் இருந்தால் எட்டாமல் போகலாம். பக்கத்து இடத்தில் கோணலாக நிறுத்தினால் இரண்டு பேர் இடத்தை ஒருவர் பிடித்ததாகிவிடும். ஓரத்து இடம் காலியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம். சார்ஜ் முடிந்ததும் காரை நகர்த்தாவிட்டால் நிமிடத்துக்கு இவ்வளவு என்று அபராதம் ஓடத் தொடங்கும். சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தவர்கள் கைத்தொலைபேசியை மேசை மேல் வைத்துக்கொள்ளட்டும்.