காயின் பச்சை, கவரின் பச்சை

போடிநாயக்கனூரில் ஏலக்காய் பாக்கெட்டுகளுக்கு டிசைன் செய்யும் வாசகர் ஒருவரின் கேள்வி: "கோரல்டிராவில் பளிச்சென்று இருக்கும் பச்சை, அச்சாகி வந்தால் செத்துப்போகிறது. மானிட்டரை மாற்ற வேண்டுமா, அச்சகத்தை மாற்ற வேண்டுமா?"

இரண்டையும் மாற்ற வேண்டாம். திரை ஒளியைக் கூட்டும், மை ஒளியைக் கழிக்கும் என்பது பள்ளிப் பாடம். ஆனால் கழிப்பதில் பச்சைக்கு மட்டும் ஏன் இவ்வளவு சேதாரம்? போடிக்காரருக்குச் சல்லடையை வைத்தே சொல்லிவிடலாம். வெள்ளைத் தாளில் விழும் ஒளியைச் சலித்து, சியான் மை சிவப்பைப் பிடித்துக்கொள்கிறது. மஞ்சள் மை நீலத்தைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டுக்கும் தப்பி விழுவதே பச்சை. சல்லடைகள் யோக்கியமாக இருந்தால் அது முழுசாக வந்துசேரும். சியானோ சிவப்போடு நிற்காமல் பச்சையிலும் ஒரு பங்கை நிறுத்திக்கொள்கிறது. மஞ்சளும் தன் ஓரத்தில் கொஞ்சம் கைவைக்கிறது. போதாக்குறைக்கு, ஆர்ஜிபி படத்தைச் சிஎம்ஒய்கே ஆக்கும்போது மென்பொருள் ஒரு சிட்டிகை மெஜந்தாவையும் சேர்த்துவிடுவதுண்டு. அதுவோ பச்சையைப் பிடிப்பதற்கென்றே செய்த மூன்றாவது சல்லடை. ஏலக்காயில் 8 மில்லிமீட்டர் சல்லடைக்கு மேலே நிற்பதற்குத்தான் விலை. இங்கே கீழே விழுவதற்கு விலை. உவமை இந்த இடத்தில் கிழிகிறது, ஓரமாக வைத்துவிடுவோம்.

எனக்குப் பிடித்த சங்கதி அந்தச் சியானுக்குள் இருக்கிறது. அதன் நிறமி செம்பு தாலோசயனின்: நான்கு நைட்ரஜன்கள் சூழ்ந்திருக்க, நடுவில் ஒரு செம்பு அணு உட்கார்ந்திருக்கும் வளைய மூலக்கூறு. இதற்கு நெருங்கிய சொந்தம் ஏலக்காய்த் தோலிலேயே உண்டு. பச்சையம்தான் அது. அங்கே நடுவில் மக்னீசியம். உலர்த்தும் அறையின் சூடு 50 டிகிரியை ஒட்டி அடங்கியிருக்க வேண்டும் என்று போடிமெட்டுக்கு மேலே தோட்டக்காரர்கள் மெனக்கெடுவது இந்த மக்னீசியத்துக்காக. சூடு மிஞ்சினால் காயின் சொந்த அமிலமே அதைக் கழற்றி, அந்த இடத்தில் இரண்டு ஹைட்ரஜனை வைத்துவிடும். பச்சையம் பியோபைட்டின் ஆகும், காய் பழுப்பேறும், ஏலத்தில் விலை இறங்கும். செம்பு அப்படி லேசில் கழலாது, அதன் வளையமும் லேசில் உடையாது. வெயில்பட்ட பழைய போஸ்டர்களில் மஞ்சளும் மெஜந்தாவும் போன பிறகும் நீலம் மட்டும் மிஞ்சி நிற்பது அதனால்தான். இன்னொரு விசேஷம்: வளையத்தின் விளிம்பிலுள்ள ஹைட்ரஜன்களை ஏறத்தாழ முழுக்க எடுத்துவிட்டுக் குளோரினை வைத்தால், அது விழுங்கும் ஒளியின் அலைநீளம் நகர்ந்து, நீல நிறமி பச்சை நிறமியாகிவிடுகிறது. தாலோ பச்சை என்று பெயர்.

வரலாறு வேண்டுமென்பவர்களுக்கு: 1928இல் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் சாயத் தொழிற்சாலையில், பூச்சு விரிசல் விட்ட பாத்திரத்தின் இரும்பு கலந்து தற்செயலாக உண்டான நீலத்திலிருந்து கதை தொடங்குகிறது. செம்பு வகை 1935இல் விற்பனைக்கு வந்தது. 1985இல் பேஜ்மேக்கர் வந்து, இந்த மைகளோடு சண்டை போடும் வேலையை அச்சகத்திலிருந்து நம் மேசைக்கு மாற்றியது. போதும்.

'ஏஐ கலர் மேட்ச்', 'நூறு சதவீதம் ஒரே நிறம்' என்ற விளம்பரங்களை நம்பிக் காசைக் கரைக்காதீர்கள். மையில் இல்லாத பச்சையை எந்த ஏஐயும் கொண்டுவராது. சரியான கலர் ப்ரொஃபைல் செய்வதெல்லாம், வரப்போகும் ஏமாற்றத்தை முன்கூட்டியே திரையில் காட்டுவது. அதையும் யார் பார்க்கிறார்கள்? ப்ரூஃப் வாட்ஸ்அப்பில் போகிறது. நிறத்தைத் தூக்கிக் காட்டும் போனில் பார்த்து முதலாளி 'ஓகே' போடுகிறார்.

வேடிக்கை என்னவென்றால், ஸ்பைசஸ் போர்டு ஏலத்துக்கு வரும் முதல்தரக் காயின் பச்சை நான்கு மைகளுக்கும் தாராளமாக எட்டும். சாம்பல் கலந்த, அடக்கமான நிறம் அது. எட்டாதது டிசைனர் ஏற்றிவிட்ட பச்சை. காய்க்குச் சாயம் ஏற்றுவது சட்டப்படி குற்றம்; காயின் படத்துக்கு ஏற்றினால் கேட்பாரில்லை.

ஆகவே, செப்பரேஷன் பார்வையில் ஃபைலைத் திறந்து, பின்னணிப் பச்சையில் மெஜந்தா இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பூஜ்யமாக்குங்கள். காயின் படத்தில் மட்டும் கைவைக்காதீர்கள், அதன் நிழல்களுக்கு மெஜந்தா வேண்டும். லோகோவுக்குப் பளீர்ப் பச்சைதான் வேண்டுமென்று அடம்பிடித்தால், தாலோ பச்சையை ஐந்தாவது மையாக, ஸ்பாட் கலராகக் கேளுங்கள்; கூடுதல் பிளேட் செலவு உண்டு. உள்ளே தெரியும் ஃபிலிமில் அடிப்பதானால் பச்சைக்குப் பின்னால் வெள்ளை மை உண்டா என்றும் விசாரியுங்கள். வெள்ளை இல்லாவிட்டால் ஒளி காயில் பட்டுத்தான் திரும்பும். அப்போது கவரின் பச்சையைத் தீர்மானிப்பது உள்ளே போட்ட சரக்கு.