கடைக்காரர் சேர்த்த பாட்டு

ஏவி.எம். படங்களுக்கு முன்னால் இருந்தது ஒரு இசைத்தட்டுக் கடை! 1930-களில் சென்னை மவுன்ட் ரோட்டில் ஏ.வி.மெய்யப்பன் கூட்டாளிகளோடு நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ். ஜெர்மனியின் ஓடியன் கம்பெனியோடு சேர்ந்து தட்டு போட்டார்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் பாடும், அவ்வளவுதான்.

1980-களில் கேசட் வந்ததும் கடையின் வேலையே மாறியது. அலமாரி நிறைய எல்.பி. தட்டுகள் இருக்கும். ஆனால், வருகிறவர் தட்டு வாங்க மாட்டார். பிடித்த பாட்டுகளைத் தாளில் எழுதி, 60 நிமிட கேசட்டோடு நீட்டுவார். தட்டை ஓடவிட்டுப் பதிந்து கொடுப்பார் கடைக்காரர். காப்பிரைட் பற்றியெல்லாம் யாரும் பேசியதில்லை! டேப்பில் கொஞ்சம் மிச்சமிருந்தால், தனக்குப் பிடித்த பாட்டு ஒன்றை அவரே சேர்த்துவிடுவார். கேட்காமல் வந்த அந்தப் பாட்டு, பல வீடுகளில் திரும்பத் திரும்ப ஓடியது.

கிடைக்காத பழைய தட்டுகளைத் தேடுகிறவர்கள் சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட்டுக்குப் போவார்கள். 1985 மே மாதம் அதுவும் எரிந்துபோனது. அந்தக் காலத் தட்டுகள் அரக்கில் செய்தவை, நெருப்புக்குத் தாங்காது.

கேசட்டுகள் மட்டும் சில வீட்டுப் பரண்களில் இன்னும் கிடக்கின்றன. அட்டையில் கடைக்காரர் கையெழுத்தில் பாட்டு வரிசை. போட்டுக் கேட்கத்தான் டேப் ரெக்கார்டர் இல்லை.