தன்வெப்ப ஏற்புத்திறன்: கலோரி அலகிலிருந்து ஜூல் அலகிற்கு மாற்றுதலும் கலைச்சொல் தெளிவும்

ஆய்வுச்சுருக்கம்

தன்வெப்ப ஏற்புத்திறனைக் கலோரி அலகிலிருந்து பன்னாட்டு அலகு முறைக்கு மாற்றுவது ஒரேயொரு பெருக்கலாகத் தோன்றும். எனினும் அது அலகின் வரையறை, கலைச்சொல்லின் பொருள், எண்ணின் துல்லியம் ஆகிய மூன்றையும் சார்ந்தது. அறிவியல் நூல்களைப் பதிப்பிப்போரும் மொழிபெயர்ப்போரும் இம்மாற்றத்தில் பின்பற்றத்தக்க நெறிகளை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தன்வெப்பம், தன்வெப்ப ஏற்புத்திறன், கலோரி, ஜூல், கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

கலோரி முறையைப் பின்பற்றிய இயற்பியல் நூல்களில் செம்பின் தன்வெப்பம் 0.092 என்று குறிக்கப்படும். இன்றைய நூல்களில் அதே செம்பிற்கு 385 என்னும் எண் காணப்படும். இரண்டும் சரியானவையே. ஆனால் மறுபதிப்புச் செய்பவர் பழைய எண்ணை மாற்றாமல் அதனருகே புதிய அலகை மட்டும் சேர்த்துவிட்டால், நான்காயிரம் மடங்கிற்கும் மேற்பட்ட பிழை நூலில் இடம்பெற்றுவிடும். தொடரமைப்பில் குறை ஏதும் இராமையால், மொழிநடையை மட்டும் நோக்கும் மெய்ப்புத் திருத்துநர் கண்ணுக்கு இப்பிழை புலப்படாது.

அலகுகளின் வரலாறு

வெப்பமும் வெப்பநிலையும் வேறானவை என்பதையும், ஒரே நிறையுள்ள வெவ்வேறு பொருள்கள் ஒரே அளவு சூடேற வெவ்வேறு அளவு வெப்பத்தை ஏற்கின்றன என்பதையும் பதினெட்டாம் நூற்றாண்டில் ஜோசப் பிளாக் தெளிவுபடுத்தினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் நிக்கோலா கிளெமான் தம் விரிவுரைகளில் கலோரி என்னும் சொல்லைப் பயன்படுத்தினார். வெப்பத்தை அளக்க நீரே அளவுகோலாயிற்று. ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை ஒரு செல்சியஸ் பாகை உயர்த்தத் தேவையான வெப்பம் ஒரு கலோரி எனக் கொள்ளப்பட்டது.

1840களில் ஜேம்ஸ் ஜூல் நிகழ்த்திய ஆய்வுகள், குறிப்பிட்ட அளவு வேலை குறிப்பிட்ட அளவு வெப்பத்திற்கு ஈடாகும் என்பதை நிறுவின. வெப்பமும் ஆற்றலின் ஒரு வடிவமே எனத் தெளிந்தபின் அதற்கெனத் தனி அலகு தேவைப்படவில்லை. 1948ஆம் ஆண்டு எடைகள், அளவுகள் பற்றிய ஒன்பதாவது பொது மாநாடு, வெப்பத்தின் அலகாகவும் ஜூலையே ஏற்றது.

விகிதமும் அளவும்

கலோரி முறையில் நீரின் தன்வெப்பம் 1. ஆகவே பிற பொருள்களின் தன்வெப்பம் நீரோடு ஒப்பிட்டுப் பெறும் விகிதமாகவும் அமைந்தது. இதனால் அலகைக் குறிப்பிடாமல் எண்ணை மட்டும் எழுதும் வழக்கம் ஏற்பட்டது. கலோரி/கிராம் பாகை செல்சியஸ், கிலோகலோரி/கிலோகிராம் பாகை செல்சியஸ் ஆகிய இரண்டிலும் எண் மாறாதிருப்பதும் இவ்வழக்கத்திற்கு இடமளித்தது.

ஜூல் முறையில் நீர் அளவுகோலன்று. நீருக்கும் பிற பொருள்களைப் போலவே அளந்தறிந்த மதிப்பு உண்டு. எனவே அலகின்றி எண்ணை எழுத இயலாது. தமிழகப் பாடநூல்களின் ‘தன்வெப்ப ஏற்புத்திறன்’, இலங்கை வழக்கின் ‘தன்வெப்பக் கொள்ளளவு’ ஆகிய தொடர்கள், இது பொருளின் ஏற்கும் திறனைச் சுட்டும் அளவு என்பதை வெளிப்படையாகக் காட்டுகின்றன. ‘தன்வெப்பம்’ என்னும் சுருங்கிய வடிவத்தைப் பழைய விகிதப் பொருளுக்கு ஒதுக்கி, அலகுடைய அளவிற்கு விரிந்த தொடரை ஆள்வது குழப்பத்தைத் தவிர்க்கும்.

மாற்றும் முறை

ஒரு பன்னாட்டு அட்டவணைக் கலோரி 4.1868 ஜூல். ஒரு கிலோகிராம் 1000 கிராம். ஆகவே,

1 கலோரி/கிராம் பாகை செல்சியஸ் = 4186.8 ஜூல்/கிலோகிராம் கெல்வின்.

கலோரி அலகிலுள்ள எண்ணை 4186.8ஆல் பெருக்கினால் ஜூல் அலகிலுள்ள எண் கிடைக்கும். மறுதலையாக மாற்ற அதே எண்ணால் வகுக்க வேண்டும். அலுமினியத்தின் 900 ஜூல்/கிலோகிராம் கெல்வின் என்னும் மதிப்பு இவ்வாறு ஏறத்தாழ 0.215 ஆகிறது, பனிக்கட்டியின் 2100 ஏறத்தாழ 0.50 ஆகிறது.

இங்கு 273.15ஐக் கூட்டுவது பிழை. தன்வெப்ப ஏற்புத்திறன் வெப்பநிலை வேறுபாட்டைச் சார்ந்தது. ஒரு செல்சியஸ் பாகை வேறுபாடும் ஒரு கெல்வின் வேறுபாடும் சமம்.

கருத்திற்கொள்ள வேண்டியவை

முதலாவது, கலோரி என்பது ஒன்றன்று. வெப்ப வேதியியல் கலோரி 4.184 ஜூல்; பன்னாட்டு அட்டவணைக் கலோரி 4.1868 ஜூல். இவற்றின் வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. பள்ளிக் கணக்கில் இதனைப் புறக்கணிக்கலாம். நுண்ணிய அளவீடுகளைப் பெயர்க்கும்போது எக்கலோரி என்பதைச் சுட்டுதல் வேண்டும்.

இரண்டாவது, ஆங்கிலத்தில் உணவின் ஆற்றலைக் குறிக்கும் பெரிய கலோரியை முதலெழுத்தைப் பேரெழுத்தாக்கிக் காட்டும் வழக்கம் உண்டு. தமிழ் எழுத்தில் பேரெழுத்து, சிற்றெழுத்து வேறுபாடு இல்லை. ஆகவே இரண்டையும் ‘கலோரி’ என்றே ஒலிபெயர்த்தால் ஆயிரம் மடங்கு வேறுபாடு மறைந்துவிடும். பெரிய கலோரியைக் ‘கிலோகலோரி’ என எழுதுவதே தமிழுக்குப் பொருந்தும்.

மூன்றாவது, எண்ணின் துல்லியம். 0.092ஐ 4186.8ஆல் பெருக்கினால் 385.1856 வரும். மூல எண்ணில் பொருளுடைய இலக்கங்கள் இரண்டே. ஏழு இலக்கங்களை அச்சிடுவது மூல ஆசிரியர் அளக்காத துல்லியத்தை அவர்மீது ஏற்றுவதாகும். ‘ஏறத்தாழ 390’ என்பதே மூலத்திற்கு நேர்மையான பெயர்ப்பு. 385 தேவைப்படின் அதனை இன்றைய அளவீட்டு மதிப்பெனத் தனியே சுட்டலாம்.

முடிவுரை

அலகு மாற்றம் கணக்கியலின் பணி மட்டுமன்று. மூலபாடத்தைக் காக்கும் பதிப்புப் பணியின் பகுதியுமாகும். பழைய எண்ணை மூலத்தில் உள்ளவாறே நிறுத்தி, மாற்றிய மதிப்பையும் பயன்படுத்திய கலோரி வரையறையையும் அடிக்குறிப்பில் தருவது ஏற்ற நெறியாகும். அப்போது நூலின் காலமும் காக்கப்படும். கற்போர்க்குச் சரியான எண்ணும் கிடைக்கும்.