சார்ஜர் செருகியிருந்தும் சார்ஜ் இறங்குவது ஏன்?

தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வுக்கு எங்கள் எட்டாம் வகுப்பு மாணவர்களின் விண்ணப்பங்களைப் பதிவேற்றக் கடைசி நாள் அது. தேர்வாகும் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு ரூ.12,000 கிடைக்கும். ராசிபுரம் பக்கத்தில் தறியிலும் மரவள்ளிக் காட்டிலும் கூலிக்குப் போகும் பெற்றோருக்கு அது சின்னத் தொகை அல்ல.

பிற்பகல் 3 மணிக்கு என் மடிக்கணினியில் 40 விழுக்காடு சார்ஜ் இருந்தது. சார்ஜரைச் செருகிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் இணையவழிக் கூட்டம், ஒரு பக்கம் புகைப்படங்களைச் சுருக்கும் வேலை, போதாததற்கு என் கைப்பேசியும் அதே கணினியில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. 5 மணிக்குப் பார்த்தால் 6 விழுக்காடு. இன்னும் ஆறு விண்ணப்பங்கள் மீதம் இருக்கும்போதே திரை அணைந்துவிட்டது. சக ஆசிரியரின் கணினியில் மீண்டும் தொடங்கி இரவு 9 மணிக்கு முடித்தோம்.

மறுநாள் பழுது பார்ப்பவரிடம் காட்டினேன். “பேட்டரி போயிடுச்சு சார், மாத்த ரூ.3,500 ஆகும்” என்றார். மாற்றவும் தயாராகிவிட்டேன். அந்த வாரம் பத்தாம் வகுப்பில் மின்திறன் பாடம். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் வாட் கிடைக்கும் என்று சொல்லி, மேசையில் கிடந்த என் சார்ஜரைக் கொடுத்துக் கணக்கிடச் சொன்னேன். ஒரு மாணவி 45 வாட் என்றாள். பிறகு கணினியைத் திருப்பி அதன் அடியில் இருந்ததையும் பெருக்கினாள். “சார், இது 65 கேக்குது. நாம 45தான குடுக்கறோம்?”

பழைய சார்ஜரின் வயரை எலி கடித்ததால் நான் புதிதாக வாங்கியது அது. முனை பொருந்துகிறதா என்று மட்டும்தான் பார்த்து வாங்கியிருந்தேன்.

தொட்டியும் குழாயும்

நம் வீட்டு மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். போர் மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறுகிறது. அதே நேரத்தில் கீழே நான்கு குழாய்களைத் திறந்துவிட்டால் தொட்டி நிறையாது. வருவதைவிடப் போவது அதிகமானால் நீர்மட்டம் இறங்கவும் செய்யும். அதற்காகத் தொட்டியில் ஓட்டை என்று யாரும் கொத்தனாரைக் கூப்பிடுவதில்லை.

மடிக்கணினியிலும் இதே கணக்குதான். சார்ஜர் தரும் மின்சாரம் முதலில் கணினியை இயக்கப் போகிறது. மிச்சம் இருந்தால்தான் பேட்டரிக்கு. தட்டச்சு போன்ற எளிய வேலைக்குப் பெரும்பாலான கணினிகளுக்கு 10 முதல் 15 வாட் போதும். காணொளிக் கூட்டம், படத்தொகுப்பு, இருபது பக்கங்கள் திறந்த உலாவி என்று எல்லாம் சேர்ந்தால் தேவை 40, 50 வாட் வரை போகலாம். அப்போது 45 வாட் சார்ஜரில் மிச்சம் ஏது? பற்றாக்குறையைப் பேட்டரியே தருகிறது. அதனால்தான் செருகியிருந்தும் சார்ஜ் இறங்குகிறது.

முதல் சோதனை

கணினியை முழுவதும் அணைத்துவிட்டு அரை மணி நேரம் சார்ஜ் போடுங்கள். அணைத்த நிலையில் ஏறி, வேலை செய்யும்போது மட்டும் இறங்கினால் சார்ஜரின் திறன் குறைவு அல்லது சூடு அதிகம். அணைத்தாலும் ஏறவில்லை என்றால் சார்ஜர், வயர், செருகும் துளை, பேட்டரி இவற்றில் ஒன்றில் பழுது. இந்த ஒரு சோதனையிலேயே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அடுத்து பார்க்க வேண்டியவை

1. சார்ஜரின் எண்கள். ‘அவுட்புட்’ என்ற இடத்தில் வோல்ட், ஆம்பியர் இரண்டும் இருக்கும். 19.5 வோல்ட், 2.31 ஆம்பியர் என்றால் 45 வாட். 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்றால் 65 வாட். வோல்ட் கணினி கேட்கும் அளவே இருக்க வேண்டும். ஆம்பியர் அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். கூடுதல் வாட் சார்ஜர் கணினியை எரித்துவிடும் என்பது தவறான அச்சம். கணினி தனக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துக்கொள்ளும்.

2. ‘சி’ வகை முனை. கைப்பேசிச் சார்ஜரும் புதிய மடிக்கணினிச் சார்ஜரும் ஒரே முனையில் வருகின்றன. முனை பொருந்துவதால் திறனும் பொருந்தும் என்று எண்ண வேண்டாம். 18 வாட் கைப்பேசிச் சார்ஜரால் கனமான வேலையைத் தாங்க முடியாது. கேபிளும் அந்தத் திறனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

3. நடு ஊசி. சில நிறுவனச் சார்ஜர்களின் முனை நடுவே மெல்லிய ஊசி இருக்கும். சார்ஜர் எத்தனை வாட் என்பதைக் கணினி அதன் வழியாகத்தான் அறிகிறது. ஊசி வளைந்தாலோ உள்கம்பி அறுந்தாலோ கணினி ஓடும், ஆனால் பேட்டரி ஏறாது.

4. சூடு. லித்தியம் அயனி பேட்டரி சுமார் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பல கணினிகள் சார்ஜ் ஏற்றுவதைத் தாமாகவே நிறுத்திவிடும். அது பாதுகாப்பு ஏற்பாடு. சித்திரை வெயிலில், ஓட்டு வகுப்பறையில், நோட்டுக் கட்டின் மேல் கணினியை வைத்தால் அடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டுவிடும். கரும்பலகைக்கு அருகில் வைத்தால் சுண்ணக்கட்டித் தூள் விசிறிக்குள் போகும். மேசையில் சமமாக, பலகையிலிருந்து தள்ளி வையுங்கள்.

5. அமைப்பு. பேட்டரியின் ஆயுளைக் காக்க 60 அல்லது 80 விழுக்காட்டோடு நிறுத்தும் வசதி பல கணினிகளில் உண்டு. எப்போதும் சரியாக அதே எண்ணில் நின்றால் அது பழுதல்ல.

6. பேட்டரியின் வயது. வயரைப் பிடுங்கியதும் 50 விழுக்காடு சட்டென்று 10 ஆகிறது, பத்து நிமிடத்தில் அணைகிறது என்றால் பேட்டரி தேய்ந்துவிட்டது. 300 முதல் 500 முறை முழுதாக ஏற்றி இறக்கினால் கொள்ளளவு குறைவது இயல்பு.

‘லோ வோல்டேஜ்’ காரணமா?

தோட்டத்து மோட்டார்கள் ஓடும் நேரத்தில் விளக்கு மங்குவதைப் பார்த்து நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். சார்ஜரில் ‘இன்புட் 100–240 வோல்ட்’ என்று அச்சிட்டிருந்தால் 170, 180 வோல்ட்டிலும் அது சரியாகவே இயங்கும். ஆனால் லூசான பிளக் பாயின்ட்டும் பழைய எக்ஸ்டென்ஷன் பெட்டியும் சார்ஜை விட்டுவிட்டுத் துண்டிக்கும். சுவரிலுள்ள வேறு பாயின்ட்டில் நேரடியாகச் செருகிப் பாருங்கள்.

வேலை நடுவே இறங்கினால்

முதலில் செய்த வேலையைச் சேமியுங்கள். கணினியில் செருகிய கைப்பேசியை எடுத்துவிடுங்கள். திரை வெளிச்சத்தைக் குறையுங்கள். தேவையற்ற பக்கங்களை மூடி, பேட்டரி சேமிப்பு முறையை இயக்குங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எந்தச் செயலி அதிகம் இழுக்கிறது என்று தெரியும். கடைசி நாள் வேலை என்றால் முந்தைய இரவே முழுதாக ஏற்றிக்கொண்டு வருவது நல்லது.

தொடக்கூடாத இடம்

கணினியின் அடிப்பகுதியோ தொடுபலகையோ உப்பியிருந்தால், தீய்ந்த வாடை வந்தால், உடனே அணைத்து வயரை எடுத்துவிடுங்கள். உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது, அது தீப்பிடிக்கக்கூடும். மாணவர் கைக்கு எட்டாத இடத்தில் தனியாக வைத்துப் பழுது நீக்குபவரிடம் ஒப்படையுங்கள். பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் உள்ள கணினி என்றால் நாமே திறக்காமல் தலைமையாசிரியர் வழியாக எழுத்தில் தெரிவிப்பதே முறை.

வகுப்பறைக்கு

வீட்டிலுள்ள கைப்பேசி, தொலைக்காட்சிப் பெட்டி, மடிக்கணினிச் சார்ஜர்களின் எண்களைக் குறித்து வரச் சொல்லுங்கள். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்காவோ அண்ணனோ பெற்ற கணினி பல வீடுகளில் இருக்கும். பத்தாம் வகுப்புக்கு அது மின்திறன் கணக்கு. கீழ் வகுப்புகளுக்குக் குழாயும் தொட்டியும் கணக்கு. அட்டவணை போட்டு ஒப்பிட்டால் ஒரு பாடவேளை போதும்.

நான் 65 வாட் சார்ஜர் வாங்கினேன். பழைய பேட்டரியே இன்றும் ஓடுகிறது. அந்த ஆறு விண்ணப்பங்களும் அன்று போய்ச் சேர்ந்துவிட்டன. சேராமல் போயிருந்தால் காரணம் பேட்டரியாக இருந்திருக்காது, சார்ஜரின் முதுகில் இருந்த இரண்டு எண்களை நான் பெருக்கிப் பார்க்காததாகத்தான் இருந்திருக்கும்.