வெள்ளையாக இருந்த ஒரு சதம்

மாணவர்களே, கட்டமைப்பு வினாக்களில் "அவதானம்", "முடிவு" என்று இரண்டு கோடுகள் தரப்படும்போது உங்களில் பலர் இரண்டையும் குழப்பிவிடுகிறீர்கள். கண்ட விடயத்தை முடிவாகவும், நினைத்த விடயத்தை அவதானமாகவும் எழுதிப் புள்ளியை இழக்கிறீர்கள். இவற்றின் வேறுபாட்டை ஒரு பழைய நாணயத்தை வைத்துப் பார்ப்போம். நான் கலைப் பட்டதாரி, வரலாறு படிப்பிப்பவன். ஆகவே விஞ்ஞானப் பகுதியைப் பக்கத்து வகுப்பு விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டுச் சரிபார்த்த பின்னரே எழுதுகிறேன்.

என் வகுப்புப் பிள்ளை ஒருவன் ஒரு நாள் தாளில் சுற்றி ஒரு நாணயம் கொண்டுவந்தான். 1929 ஆம் ஆண்டு இலங்கை ஒரு சதம். ஒரு பக்கம் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் தலை, மறுபக்கம் தாளிப்பனை மரம். அந்தச் சதம் செம்பு நாணயம். பழசானால் மண்ணிறமாகவோ கறுப்பாகவோ, ஈரம் பட்டிருந்தால் பச்சையாகவோ இருக்கவேண்டும். இது வெள்ளையாக இருந்தது. "சேர், தவறுதலாக வெள்ளியில் அடித்த சதமாம். மாமா இலட்சக்கணக்கில் போகும் என்கிறார்" என்றான். உயர்தர வகுப்புச் செலவுக்கு அதை விற்கலாம் என்று வீட்டில் கதைத்தும் விட்டார்கள். ஆகவே பகிடியாகச் சொல்லித் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை.

மாமாவின் எண்ணம் முழுக்க ஆதாரமற்றதல்ல. நாணயசாலையில் உலோகம் மாறிப்போன சம்பவங்கள் உண்மையாகவே உண்டு. இரண்டாம் உலகப் போரில் செம்பு தேவைப்பட்டதால் அமெரிக்கா 1943 இல் தன் ஒரு சத நாணயத்தை நாகம் பூசிய உருக்கில் அடித்தது. அவை வெள்ளை நிறம். ஆனால் முந்திய ஆண்டின் வெண்கலத் தகடுகள் சில தவறிப்போய் 1943 ஆம் ஆண்டு முத்திரையுடன் வெளிவந்தன. அவற்றுக்கு இன்று பெரும் விலை. அதனால் சிலர் உருக்குச் சதத்துக்குச் செம்பு முலாம் பூசி ஏமாற்றுவதும் உண்டு. காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனால் அது ஒட்டிக்கொள்ளும், கள்ளம் வெளிப்படும்.

நாங்களும் காந்தத்தில்தான் தொடங்கினோம். ஒட்டவில்லை. ஆகவே உருக்கல்ல, தூய நிக்கலுமல்ல. வெள்ளியும் செம்பும் காந்தத்தில் ஒட்டாதவை என்பதால் மாமாவின் கட்சி இன்னும் தோற்கவில்லை.

அடுத்து நிறை. நகைக்கடைத் தராசில் 4.75 கிராம். 1929 செம்புச் சதத்தின் நிறை ஏறத்தாழ 4.7 கிராம். இதை மட்டும் வைத்து முடிவு எழுதக்கூடாது. தகட்டின் தடிப்புச் சற்று வேறுபட்டால் நிறையும் மாறும். நமக்கு வேண்டியது அடர்த்தி. தண்ணீர்க் கிளாஸ் ஒன்றைத் தராசில் வைத்து அளவைப் பூச்சியமாக்கினோம். நாணயத்தை நூலில் கட்டி, அடியிலோ சுவரிலோ முட்டாமல் நீருக்குள் முழுவதும் அமிழ்த்தினோம். தராசு 0.54 கிராம் காட்டியது. இது என்ன? நீர் நாணயத்தின்மீது மேலுதைப்பைக் கொடுக்கிறது. நாணயம் அதே அளவு விசையை நீரின்மீது கீழ்நோக்கிக் கொடுக்கிறது. ஆக்கிமிடிசின் தத்துவப்படி அது இடம்பெயர்ந்த நீரின் நிறைக்குச் சமன். 0.54 கிராம் நீர் என்றால் கனவளவு 0.54 கன சென்ரிமீற்றர்.

4.75 ஐ 0.54 ஆல் பிரித்தால் 8.8 வரும். செம்பின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 8.96 கிராம், வெள்ளியினது 10.5 கிராம். இதே பருமனுள்ள வெள்ளி நாணயம் என்றால் 5.6 கிராமுக்கு மேல் நிறுத்திருக்க வேண்டும். வெள்ளிக் கதை இங்கே முடிந்தது. பையனின் முகம் வாடியதை நான் பார்க்காதமாதிரி இருந்துவிட்டேன்.

"செம்பு" என்று எழுதிப் பேனாவை மூடாதீர்கள். செம்பும் நிக்கலும் சேர்ந்த வெள்ளைநிறக் கலப்புலோகத்தின் அடர்த்தியும் 8.9 அளவுதான், அதுவும் காந்தத்தில் ஒட்டாது. அடர்த்தியால் பிரிக்க முடியாததை இனிக் கண்ணால்தான் பிரிக்கவேண்டும். கைவில்லையால் பார்த்தபோது மன்னரின் கன்னம், முடியின் மேல்விளிம்பு, நாணய ஓரம் ஆகிய தேய்ந்த இடங்களில் செந்நிறம் தெரிந்தது. எழுத்துக்களின் இடைப் பள்ளங்களில் வெள்ளை தடித்துக் கிடந்தது. சில எழுத்துக்களின் கூர்மை மழுங்கியும் இருந்தது. வெள்ளை உள்ளே இல்லை, மேலேதான் இருக்கிறது. கலப்புலோகம் என்றால் தேய்ந்த இடமும் வெள்ளையாகவே இருக்கும்.

வரலாற்றில் இதற்கு நேர்மாறான சம்பவமும் உண்டு. முதலாம் உலகப் போருக்குப் பின் வெள்ளி விலை ஏறியதால் பிரித்தானியா 1920 இல் தன் வெள்ளி நாணயங்களில் வெள்ளியின் பங்கை 92.5 வீதத்திலிருந்து 50 வீதமாகக் குறைத்தது. இலங்கையின் 50 சதத்தில் 1919 இலேயே 80 வீதம் 55 ஆகியது. அப்படிப்பட்ட நாணயங்கள் தேயத்தேய வெள்ளை போய் மங்கல் நிறம் காட்டும். நாணயத்தின் நிறம் மாறினால் அந்த ஆண்டில் நாட்டில் என்ன நடந்தது என்றும் கேட்டுப் பார்க்கவேண்டும்.

எமது சதத்துக்கு வருவோம். மேற்பூச்சு என்ன? மூன்று சாத்தியங்கள்: இரசம், நாகம், வெள்ளீயம். செம்பில் இரசத்தைத் தேய்த்தால் பளிச்சென்று வெள்ளையாகும். ஆனால் காலப்போக்கில் மங்கிவிடும். நாகப் பூச்சைச் சூடாக்கினால் செம்புடன் கலந்து பித்தளைபோல் மஞ்சளாகும். பையன் உடனே நெருப்புப்பெட்டியைத் தேடினான். தடுத்துவிட்டேன். பூசியது இரசமாக இருந்தால் அதன் ஆவி நஞ்சு. என்னவென்று தெரியாத பூச்சை ஒருபோதும் சூடாக்காதீர்கள். புளி போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். தடயமும் போய்விடும், நாணயத்தின் மதிப்பும் போய்விடும்.

பள்ளங்களில் தடித்து உறைந்த வெள்ளை, உருகிய உலோகம் ஊற்றித் துடைக்கப்பட்டதைக் காட்டுகிறது என்றார் விஞ்ஞான ஆசிரியர். வெள்ளீயம் ஏறத்தாழ 232 பாகை செல்சியசில் உருகும். சாதாரண அடுப்பே போதும். அன்று மாலை பையன் வீட்டில் விசாரித்தான். முந்தி அவர்கள் முற்றத்துக்கு ஈயம் பூசுகிறவர் வருவாராம். பித்தளைப் பானையைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தை உருக்கித் துணியால் இழுத்துப் பூசுவாராம். அம்மப்பா சின்னப் பிள்ளையாக இருந்தபோது தன் ஒரு சதத்தையும் நீட்டி, "இதையும் வெள்ளையாக்கித் தாங்கோ" என்று அடம்பிடித்து வாங்கினாராம். அம்மம்மாவுக்கு அந்தக் கதை நினைவிருந்தது, எவரும் அவரிடம் கேட்கவில்லை.

மாமா இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. சதம் இப்போது அம்மம்மாவின் வெற்றிலைத் தட்டத்தில் இருக்கிறது.

பயிற்சி: மேலே உள்ளவற்றிலிருந்து நான்கு அவதானங்களையும், ஒவ்வொன்றினாலும் எந்தச் சாத்தியம் நீங்கியது என்பதையும் எழுதுக. வெள்ளீயம் என்ற முடிவு எந்த அவதானத்திலும் எந்தச் சாட்சியத்திலும் தங்கியுள்ளது எனக் குறிப்பிடுக. (10 புள்ளிகள்)